வரி ரீஃபண்ட் கடனுக்காகப் பிடிக்கப்பட்டால்: அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கான கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு ரீஃபண்டுக்காக, அதாவது அரசு திருப்பித் தரும் வரிப் பணத்துக்காக, காத்திருக்கும் குடும்பங்களில் சிலவற்றுக்கு, எதிர்பார்த்த தொகை வராமல் ஒரு கடிதம் மட்டும் வந்து சேருகிறது. பழைய கடன் ஒன்றுக்காக அந்தப் பணம் முழுவதுமாகவோ பகுதியாகவோ எடுத்துக்கொள்ளப்பட்டது என்று அக்கடிதம் தெரிவிக்கும். அந்தப் பணத்தை நம்பி வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கணக்குப் போட்டிருந்தவர்களுக்கு இது பேரிடியாக விழுகிறது. பதற்றத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறுகள் இரண்டு: பேச வேண்டிய அலுவலகத்தை விட்டுவிட்டு வேறோர் அலுவலகத்தை அழைப்பது, கெடு முடிந்த பிறகு விழித்துக்கொள்வது. இவ்விரண்டையும் தவிர்க்க உதவுவதற்காகவே இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது.

என் ரீஃபண்டை எடுத்துக்கொண்டது ஐ.ஆர்.எஸ். (கூட்டாட்சி அரசின் வரி வசூல் அலுவலகம்) தானா?

இருக்கலாம், ஆனால் பல நேரங்களில் இல்லை. ரீஃபண்ட் இரண்டு வழிகளில் பிடிக்கப்படுகிறது. உங்களுக்கு முந்தைய ஆண்டுகளின் கூட்டாட்சி வருமான வரி பாக்கி இருந்தால், ஐ.ஆர்.எஸ். தானே அந்தப் பாக்கிக்கு ரீஃபண்டை வரவு வைத்துக்கொள்ளும். அதைத் தெரிவிக்க சிபி 49 என்ற எண் கொண்ட அறிவிப்பை அனுப்பும். மற்ற எல்லாக் கடன்களுக்கும், கருவூலத் துறையின் ஓர் அங்கமான ஃபிஸ்கல் சர்வீஸ் பணியகம், ட்ரெஷரி ஆஃப்செட் திட்டம் என்ற ஏற்பாட்டின் கீழ்ப் பணத்தைப் பிடிக்கிறது. கடன் கொடுத்த அரசு அலுவலகங்கள் கடனாளியின் பெயரையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் இந்தப் பணியகத்திடம் பதிவு செய்து வைத்திருக்கின்றன. ரீஃபண்ட் வெளியே போகும் நேரத்தில் அந்தப் பெயரும் எண்ணும் பொருந்தினால், பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராமல் கடன் கொடுத்த அலுவலகத்துக்குத் திருப்பப்படுகிறது.

இந்த இரண்டாவது வகையில் ஐ.ஆர்.எஸ். உங்கள் ரீஃபண்ட் எவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்ததோடு சரி. கடனின் நியாய அநியாயத்தைப் பற்றி அதனிடம் எந்தப் பதிவும் இருப்பதில்லை. ஆகவே அங்கே மணிக்கணக்கில் காத்திருந்து முறையிடுவதால் பயன் எதுவும் கிடைப்பதில்லை.

எந்தக் கடன்களுக்காகப் பிடிக்கலாம்? கிரெடிட் கார்டு பாக்கிக்கும் பிடிப்பார்களா?

கூட்டாட்சி வரி பாக்கி, நிலுவையிலுள்ள பிள்ளைப் பராமரிப்புத் தொகை, தவணை தவறிய கூட்டாட்சிக் கல்விக் கடன் உள்ளிட்ட கூட்டாட்சி அரசுத் துறைகளுக்கான கடன்கள், மாநில வருமான வரி பாக்கி, வேலையின்மை உதவித்தொகையில் மோசடியாலோ வருமானத்தை மறைத்ததாலோ கூடுதலாகப் பெற்றுக்கொண்ட தொகை ஆகியவற்றுக்காக ரீஃபண்டைப் பிடிக்கச் சட்டம் இடமளிக்கிறது. சிறுதொழில் நிர்வாகத் துறையிடம் வாங்கிய கடனும், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் தவறுதலாக அதிகம் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கும் தொகையும் கூட்டாட்சிக் கடன்களில் அடங்கும்.

கிரெடிட் கார்டு நிறுவனமோ, மருத்துவமனையோ, தனியார் வங்கியோ, கார்க் கடன் கொடுத்தவரோ இந்தத் திட்டத்தின் வழியாக உங்கள் ரீஃபண்டைத் தொட முடியாது. அப்படிச் செய்யப்போவதாக வசூல் முகவர் யாராவது மிரட்டினால் அது வெறும் மிரட்டலே. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தனியார் கடன்காரர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பும் பெற்றுவிட்டால், அவர் உங்கள் வங்கிக் கணக்கை முடக்கக் கோரலாம். அந்தக் கணக்கில் வந்து விழுந்த ரீஃபண்டும் அதில் அகப்பட்டுக்கொள்ளும்.

எனக்கு எந்த முன்னறிவிப்பும் வரவில்லையே, இது சட்டப்படி சரியா?

கூட்டாட்சித் துறை ஒன்று கடனை இந்தத் திட்டத்துக்கு அனுப்புவதற்கு முன், குறைந்தது 60 நாள் அவகாசத்துடன் கடனாளிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கடன் எவ்வளவு, எதற்காக என்பவற்றோடு, பதிவேடுகளைப் பார்க்கவும், கடனை மறுக்கவும், தவணையில் கட்ட ஒப்பந்தம் செய்துகொள்ளவும் உங்களுக்குள்ள உரிமைகளும் அதில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இந்த விவகாரம் முழுவதிலும் மிக மதிப்பு வாய்ந்த காகிதம் அதுதான். அந்த 60 நாளுக்குள் எழுப்பப்படும் ஆட்சேபத்துக்கு உள்ள வலிமை, பணம் போன பிறகு எழுப்பும் ஆட்சேபத்துக்கு இருப்பதில்லை.

துயரம் என்னவென்றால், அந்தக் கடிதம் பெரும்பாலும் துறையின் கோப்பில் கடைசியாக இருந்த முகவரிக்கே போகிறது. வேலைக்காக இரண்டு மூன்று மாநிலங்கள் மாறியவர்களுக்கு அது எட்டாமலே போய்விடலாம். சரியான முகவரிக்கு அனுப்பவில்லை என்று காட்ட முடிந்தால், அதைக் குறிப்பிட்டு மறுஆய்வு கேட்கலாம். ஆனால் முகவரி மாற்றத்தை நீங்களே தெரிவிக்காமல் விட்டிருந்தால், கடிதம் கைக்கு வரவில்லை என்பது மட்டும் போதுமான காரணமாக ஏற்கப்படுவது அரிது. வீடு மாறும்போதெல்லாம் கல்விக் கடன் நிறுவனத்துக்கும், பழைய மாநிலத்தின் வரித் துறைக்கும், ஐ.ஆர்.எஸ்.ஸுக்கும் புதிய முகவரியைத் தெரிவிப்பது சில நிமிட வேலைதான். தயவுசெய்து அதை ஒத்திப்போடாதீர்கள்.

பணம் போய்விட்டது, கடிதமும் வந்துவிட்டது. முதலில் யாரை அழைக்க வேண்டும்?

கடிதத்தை முழுவதும் படியுங்கள். உங்கள் மூல ரீஃபண்ட் தொகை, அதில் பிடிக்கப்பட்ட தொகை, பணத்தைப் பெற்ற அலுவலகத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்கும். நீங்கள் அழைக்க வேண்டியது அந்த அலுவலகத்தைத்தான். கடிதம் தொலைந்துவிட்டாலோ இன்னும் வரவில்லை என்றாலோ, ட்ரெஷரி ஆஃப்செட் திட்டத்தின் 800-304-3107 என்ற எண்ணை அழைத்தால், எந்த அலுவலகம் பணத்தைப் பெற்றது என்பதையும் அதன் தொடர்பு விவரத்தையும் சொல்வார்கள். பணத்தைத் திருப்பித் தரவோ கடனைத் தள்ளுபடி செய்யவோ அவர்களுக்கு அதிகாரமில்லை.

ஐ.ஆர்.எஸ்.ஸை அழைக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு. கடிதத்தில் காட்டப்பட்ட மூல ரீஃபண்ட் தொகை, நீங்கள் தாக்கல் செய்த படிவத்திலுள்ள தொகையோடு ஒத்துப்போகவில்லை என்றால், அந்த வேறுபாட்டை விளக்க வேண்டியவர்கள் அவர்களே.

கடிதம் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே மேற்சொன்ன எண்ணை அழைத்தால், தானியங்கிக் குரல் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்டு, உங்கள் பெயரில் கடன் பதிவாகியிருக்கிறதா என்று சொல்லிவிடும். தாக்கல் செய்த பிறகு, ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் உங்கள் கணக்கின் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது வரவு, பிடித்தம் ஆகியவற்றின் பதிவை, பாருங்கள். அதில் 898 என்ற குறியீடு தென்பட்டால் பணம் வேறொரு துறையின் கடனுக்குப் போயிருக்கிறது என்றும், 826 என்றால் உங்களுடைய வேறோர் ஆண்டின் வரி பாக்கிக்குப் போயிருக்கிறது என்றும் பொருள்.

அந்தக் கடன் என்னுடையதே அல்ல; அல்லது அதை எப்போதோ அடைத்துவிட்டேன். என்ன செய்வது?

கடன் கொடுத்ததாகச் சொல்லும் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் மறுப்பு அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது கோப்பில் ஏறாமல் போகலாம், கடிதம் ஏறும். அடைத்ததற்கான ரசீது, வங்கி அறிக்கை, கடன் முடிந்ததாக முன்பு வந்த கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, மூலப் பிரதிகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் கிடைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது. கடன் இல்லை என்றோ, கடனுக்கு மேல் அதிகமாகப் பிடிக்கப்பட்டது என்றோ உறுதியானால், பணத்தைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு அந்த அலுவலகத்தினுடையது.

வேறு யாரோ உங்கள் அடையாளத்தைத் திருடிக் கடன் வாங்கியிருந்தால், அடையாளத் திருட்டுப் புகாரைப் பதிவு செய்து, அதன் நகலையும் மறுப்புடன் சேர்த்து அனுப்புங்கள்.

கடன் என் கணவருடையது. சேர்ந்து தாக்கல் செய்ததால் என் பணமும் போய்விட்டதே?

மிகுந்த வேதனையுடன் கேட்கப்படும் கேள்வி இது. விவரம் தெரியாமல் பலர் தங்கள் பணத்தை இழந்துவிடுவதும் இந்த இடத்தில்தான். திருமணத்துக்கு முன்பே கணவர் வாங்கிய கல்விக் கடனுக்கோ, அவருடைய முதல் திருமணத்தின் பிள்ளைப் பராமரிப்பு நிலுவைக்கோ, மனைவியின் சம்பளத்திலிருந்து பிடித்த வரி போய்விட வேண்டியதில்லை. மனைவியின் கடனுக்காகக் கணவரின் பங்கு போனாலும் இதே விதிதான். சட்டம் இவரைப் ‘பாதிக்கப்பட்ட துணைவர்’ என்று அழைக்கிறது. ரீஃபண்டில் தமக்குரிய பங்கை மீட்க இவர் 8379 எண் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் கடனுக்கு இவர் சட்டப்படி பொறுப்பாளியாக இல்லாமல் இருப்பதும், சொந்த வருமானமோ, கட்டிய வரியோ, உரிமையுள்ள வரிச்சலுகையோ கூட்டுக் கணக்கில் இடம்பெற்றிருப்பதும் இதற்கான அடிப்படைத் தகுதிகள்.

கணக்கு எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இருவருக்கும் சேர்த்து 7,000 டாலர் வரி என்றும், அதில் ஒவ்வொருவரின் பங்கு 3,500 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். மனைவியின் சம்பளத்தில் 6,000 டாலரும் கணவரின் சம்பளத்தில் 5,000 டாலரும் வரியாகப் பிடிக்கப்பட்டிருந்தால், மொத்த ரீஃபண்ட் 4,000 டாலர். அதில் 2,500 டாலர் மனைவிக்கு உரியது. 1,500 டாலர் மட்டுமே கணவரின் கடனுக்குப் போகும். படிவம் தாக்கல் செய்யப்படாவிட்டால் 4,000 டாலரும் போய்விடும்.

கடன் இருப்பது முன்பே தெரிந்தால் இப்படிவத்தை வரிக் கணக்குடனேயே சேர்த்து அனுப்பலாம். கணக்கும் படிவமும் மின்னணு முறையில் போனால் சுமார் 11 வாரமும், காகிதத்தில் போனால் சுமார் 14 வாரமும் ஆகும். பணம் பிடிக்கப்பட்ட பிறகு படிவத்தைத் தனியாக அனுப்பினால் சுமார் 8 வாரம் ஆகும். அப்போது இருவரின் டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும்) படிவ நகல்களையும் இணைக்க வேண்டும், கூட்டு வரிக் கணக்கின் நகலை இணைக்கக் கூடாது. மூலக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 3 ஆண்டு, அல்லது பின்னர் பிடிக்கப்பட்ட அந்த வரியைக் கட்டிய நாளிலிருந்து 2 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை உரிமை கோரலாம். ஆகவே சென்ற ஆண்டு பணத்தை இழந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தவர்கள் இன்றுகூடக் கோரலாம். இந்தப் படிவம் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும்; கடன் தீரும்வரை ஒவ்வோர் ஆண்டும் தாக்கல் செய்தாக வேண்டும்.

நாங்கள் டெக்சாஸில் வசிக்கிறோம். எங்களுக்கும் இதே விதிதானா?

படிவம் அதேதான், பங்கீடுதான் வேறு. அரிசோனா, கலிஃபோர்னியா, ஐடஹோ, லூசியானா, நெவாடா, நியூ மெக்ஸிகோ, டெக்சாஸ், வாஷிங்டன், விஸ்கான்சின் ஆகிய 9 மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் ஈட்டும் வருமானம் பொதுவாக இருவருக்கும் பொதுச் சொத்தாகக் கருதப்படுகிறது. அதனால் ரீஃபண்டில் எவ்வளவு பகுதியை மீட்க முடியும் என்பதை அந்தந்த மாநிலச் சட்டத்தின்படி ஐ.ஆர்.எஸ். முடிவு செய்யும். கிடைக்கும் தொகை குறையலாம் என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிட வேண்டாம்.

‘குற்றமற்ற துணைவர்’ என்று ஒன்றைக் கேள்விப்பட்டேனே?

அது வேறு. கூட்டுக் கணக்கில் கணவரோ மனைவியோ வருமானத்தை மறைத்ததால் எழுந்த வரிச் சுமையிலிருந்து மற்றவர் விடுதலை கேட்பது அது. அதற்கான படிவம் 8857. துணைவரின் தனிக் கடனுக்காக ரீஃபண்ட் பிடிக்கப்பட்டவர்கள் இதை நிரப்பி அனுப்பினால் மாதங்கள் வீணாகும்.

கல்விக் கடனுக்காகப் பிடித்துவிட்டார்கள். இனி ஒவ்வோர் ஆண்டும் பிடிப்பார்களா?

கூட்டாட்சிக் கல்விக் கடனில் பெரும்பாலான வகைகள் 270 நாள் கட்டப்படாமல் இருந்தால் தவணை தவறிய கடனாகிவிடும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில் நிறுத்திவைக்கப்பட்ட கட்டாய வசூலை 2025 மே 5 முதல் மீண்டும் தொடங்குவதாகக் கல்வித் துறை அறிவித்தது. இத்தகைய முடிவுகள் அரசின் கொள்கையோடு சேர்ந்து மாறுபவை. ஆகவே உங்கள் கடனின் இன்றைய நிலையைக் கல்வித் துறையின் தவணை தவறிய கடன்களுக்கான பிரிவிடம், 800-621-3115 என்ற எண்ணில், நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நிலையிலிருந்து வெளியேறும்வரை ஆபத்து நீங்காது. வெளியேற இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. ஒன்று மறுசீரமைப்பு: தொடர்ந்து வரும் 10 மாதங்களில் 9 தவணைகளை உரிய காலத்தில் கட்ட வேண்டும், தவணைத் தொகை உங்கள் வருமானத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவதால், பலர் அஞ்சுவதைவிட அது மிகக் குறைவாக இருக்கக்கூடும். மற்றொன்று, பழைய கடனைப் புதிய ஒருங்கிணைந்த கடனாக மாற்றுவது. இது விரைவாக முடியும், ஆனால் பழைய தவறு உங்கள் கடன் வரலாற்றில் நின்றுவிடும். ஜனவரியில் தொடங்கினால் அந்த ஆண்டின் ரீஃபண்டுக்கு மறுசீரமைப்பு உதவாது என்பதை எண்ணிப் பார்த்து முந்திய கோடையிலேயே தொடங்குவது அறிவுடைமை.

பிள்ளைப் பராமரிப்பு நிலுவை எவ்வளவு இருந்தால் பிடிப்பார்கள்?

பிள்ளையை வளர்ப்பவர் அரசின் நிதியுதவி பெற்று, அதற்கு ஈடாகத் தொகையை வசூலிக்கும் உரிமையை மாநிலத்துக்குக் கொடுத்திருந்தால் 150 டாலரிலிருந்தும், மற்றபடி 500 டாலரிலிருந்தும் பிடிக்கலாம். தொகையில் பிழை இருந்தால் மாநிலத்தின் பிள்ளைப் பராமரிப்பு அமலாக்க அலுவலகத்திடம் முறையிட வேண்டும். கூட்டுக் கணக்கிலிருந்து பிடித்த தொகையை மாநிலம் 6 மாதம்வரை நிறுத்திவைக்கலாம்; இப்போதைய மனைவியோ கணவரோ தம் பங்கைக் கோரக்கூடும் என்பதே காரணம். மறுபக்கத்தில் அந்தப் பணத்துக்காகக் காத்திருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ இந்தத் தாமதம் கொடியது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இந்தப் பணம் வராவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். இரக்கம் காட்ட வழியே இல்லையா?

கடன் கூட்டாட்சி வரி பாக்கியாக மட்டும் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. கடும் பணநெருக்கடியைக் காரணம் காட்டி, ரீஃபண்டைப் பாக்கிக்கு வரவு வைக்காமல் உங்களுக்கே அனுப்பும்படி ஐ.ஆர்.எஸ்.ஸிடம் கேட்கலாம். ரீஃபண்ட் பாக்கிக்கு வரவு வைக்கப்படுவதற்கு முன்பே இந்தக் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். வரவு வைத்த பிறகு கேட்டுப் பயனில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு, மின்சாரத்தைத் துண்டிக்கும் அறிவிப்பு போன்ற சான்றுகளுடன், கணக்கைத் தாக்கல் செய்யும் நேரத்திலேயே வரி கட்டுவோருக்கு உதவ ஐ.ஆர்.எஸ்.ஸுக்குள்ளேயே இயங்கும் டாக்ஸ்பேயர் அட்வகேட் சேவையை 877-777-4778 என்ற எண்ணில் அணுகி, 911 எண் படிவத்தைக் கொடுங்கள். நெருக்கடியைத் தீர்க்கத் தேவையான அளவு பணமே கிடைக்கும். எஞ்சியது பாக்கிக்குப் போகும்.

பிள்ளைப் பராமரிப்பு, கல்விக் கடன், மாநில வரி ஆகியவற்றுக்கு ஐ.ஆர்.எஸ். இந்தச் சலுகையைத் தர முடியாது.

குறைந்த வருமானத்தாருக்கான வரிச்சலுகையாக வந்த தொகையையும் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். உழைத்து ஈட்டும் குறைந்த வருமானத்தாருக்கான சலுகைத் தொகையும் ரீஃபண்டின் பகுதியே என்று சோரன்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. ஏழைக் குடும்பங்களின் கையில் சேர வேண்டும் என்று நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம் இப்படித் திசைமாறுவது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. ஆயினும் சட்டம் இன்று அப்படித்தான் நிற்கிறது.

கடன் 15 ஆண்டுப் பழையது. காலாவதியாகியிருக்காதா?

கூட்டாட்சி வரி பாக்கியை வசூலிக்கப் பொதுவாக 10 ஆண்டு வரம்பு உண்டு. ஆனால் கூட்டாட்சியின் மற்றக் கடன்களுக்காக ரீஃபண்டைப் பிடிப்பதற்கு இருந்த 10 ஆண்டு வரம்பு 2008-இல் நீக்கப்பட்டுவிட்டது.

ஐ.ஆர்.எஸ்.ஸுடன் தவணை ஒப்பந்தம் செய்துகொண்டு மாதந்தோறும் கட்டி வருகிறேன். பிறகும் ஏன் பிடிக்கிறார்கள்?

ஒப்பந்தத்தின் நிபந்தனையே அதுதான். பாக்கி தீரும்வரை ரீஃபண்ட் அதற்கு வரவு வைக்கப்படும். ஆனால் அது மாதத் தவணையாகக் கருதப்படாது. ரீஃபண்ட் போய்விட்டதே என்று அந்த மாதத் தவணையை நிறுத்தினால் ஒப்பந்தமே முறிந்துவிடும்.

வரிக் கணக்கு நிரப்பிக் கொடுத்தவர் தம் கட்டணத்தை ரீஃபண்டில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இப்போது என்ன ஆகும்?

அவருடைய கட்டணத்தை நீங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். ரீஃபண்டை ஈடாக வைத்து முன்பணம் வாங்கியிருந்தால், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை உடனே எடுத்துப் படியுங்கள். பழைய கடன் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் உள்ளவர்கள் இத்தகைய ஏற்பாட்டுக்கே போகக் கூடாது.

அடுத்த ஆண்டு இது நடக்காமல் இருக்க, கணக்கே தாக்கல் செய்யாமல் விட்டுவிடலாமா?

வேண்டாம். வரி கட்ட வேண்டியிருந்தும் தாக்கல் செய்யாதவர்களுக்கு மாதம் 5 சதவீதம் வீதம், 25 சதவீதம்வரை அபராதம் ஏறும். ரீஃபண்டே வர வேண்டியிருந்தாலும், 3 ஆண்டுக்குள் கோராவிட்டால் அது பறிபோகும், கடனும் குறையாது.

சட்டத்துக்கு உட்பட்ட வழி ஒன்று உண்டு. வேலை கொடுப்பவரிடம் டபிள்யூ-4 படிவத்தைத் திருத்திக் கொடுத்து, உங்கள் உண்மையான வரிக்கு ஏற்ற அளவு மட்டும் சம்பளத்தில் பிடிக்கச் செய்யலாம். அப்போது ஆண்டிறுதியில் பெரிய ரீஃபண்ட் சேராது. அந்தப் பணம் மாதந்தோறும் உங்கள் கைக்கே வரும். அளவுக்கு மீறிக் குறைத்தால் ஏப்ரலில் வரி பாக்கியும் அபராதமும் வந்து சேரும் என்பதால் கணக்கிட்டுச் செய்யுங்கள். மாதந்தோறும் மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியைக் கடனுக்கே கட்டிவருவது, பிடிக்கும் நிலையை மாற்ற உதவும்.

கணவனும் மனைவியும் தனித்தனியே தாக்கல் செய்வதும் ஒரு வழிதான். ஆனால் கல்விச் செலவுக்கான வரிச்சலுகைகளும் கல்விக் கடன் வட்டிக் கழிவும் அதனால் போய்விடும். பெரும்பாலான குடும்பங்களுக்குச் சேர்ந்து தாக்கல் செய்து 8379 படிவத்தை இணைப்பதே மேல். ஏப்ரல் கெடு கடந்த பிறகு கூட்டுக் கணக்கைத் தனிக் கணக்காக மாற்றவும் முடியாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை. யார் உதவுவார்கள்?

வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 250 சதவீதத்துக்குள்ளும், தகராறிலுள்ள வரித்தொகை ஓர் ஆண்டுக்கு 50,000 டாலருக்குள்ளும் இருந்தால், குறைந்த வருமானத்தாருக்கான வரி உதவி மையங்கள் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ உங்கள் சார்பில் ஐ.ஆர்.எஸ்.ஸுடன் வாதாடும். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோருக்கும் அங்கே மொழி உதவி கேட்கலாம். போகும்போது பிடித்தம் பற்றிய கடிதம், அந்த ஆண்டின் வரிக் கணக்கு, டபிள்யூ-2 படிவங்கள், கடன் தொடர்பான கடிதங்கள் ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். திவால் மனு போட எண்ணுபவர்கள் மட்டும், ரீஃபண்ட் வருவதற்கு முன்பே திவால் சட்டம் அறிந்த வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். பிள்ளைப் பராமரிப்பு நிலுவைக்காகப் பிடிப்பதைத் திவால் மனுகூடத் தடுப்பதில்லை.

பிடித்த ரீஃபண்டை விடுவித்துத் தருவதாகச் சொல்லிக் கிஃப்ட் கார்டு எண்களையோ முன்பணத்தையோ கேட்டு யாராவது தொலைபேசியில் அழைத்தால், பேச்சை அந்த இடத்திலேயே துண்டித்துவிட்டு, உங்களுக்கு வந்த கடிதத்தில் அச்சிடப்பட்டுள்ள எண்ணை நீங்களே அழையுங்கள்.